இலையைத் தோற்கடித்த கொசு

கோபத்துக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகம் ஆரம்பித்தால், அதற்குத் துணைவேந்தராக எங்கள் கொசுவைத் தவிர இந்தக் கோயம்புத்தூர் ஜில்லாவில் வேறு ஆள் கிடையாது. பதவியேற்ற அன்று காலையிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் மேலும் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள் என்பது வேறு விஷயம்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் துறை லேப் அட்டெண்டர். பத்தாவது வரை படித்தவள். பீக்கர் கழுவுவது, தவளை ஜாடிக்கு ஃபார்மலின் ஊற்றுவது, மைக்ரோஸ்கோப்புக்கு உறை போடுவது, யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவது. இருபது வருஷமாக இவ்வளவுதான் வேலை. நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவளின் லேபுக்குள்தான் கொசு வந்து சேர்ந்தாள்.

கொசுப்புழு வளர்த்ததால் வந்த பேர் என்று நினைக்காதீர்கள். பேர் முதல் வருஷமே வந்துவிட்டது, புழு மூன்றாம் வருஷம்தான் வந்தது. ஆள் நாலே முக்கால் அடி. காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நிறுத்தாமல் கத்துவாள். தள்ளிப் போனால் கூடவே வருவாள். இதற்கு வேறு என்ன பேர் வைப்பது?

அந்தக் குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. சொந்த ஊர் கருமத்தம்பட்டி. வீட்டோடு சேர்ந்து எட்டு விசைத்தறி ஓடுகிறது. "தறி ஓடற ஊட்டுல மெதுவாப் பேசுனா சோறு கெடைக்காதுங்க்கா. எங்க ஊட்டுல உப்பு வேணும்னாக்கூட கூப்பாடு போட்டுத்தான் கேக்கோணும்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொன்னது என் காதில். கேட்டது கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில்.

ஆனால் ஒன்று, எவ்வளவு திட்டினாலும் மரியாதை குறையாது. "உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்களா இல்லீங்களா?", "இப்படிப் பண்றதுக்கு உங்களுக்குக் கூச்சமா இல்லீங்களா?" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வைத்துத்தான் மானத்தை வாங்குவாள். திட்டு வாங்கியவர்கள் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை மாநகராட்சியிலிருந்து டெங்கு ஒழிப்பு ஆட்கள் வந்தார்கள். தேங்கின தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர்கள் எங்கள் லேபுக்குள் நுழைந்து, டப்பாவில் நெளிகிற புழுக்களைப் பார்த்துக் குதித்தார்கள். ஒருவர் டப்பாவைக் கவிழ்க்கத் தூக்கினார்.

"வைங்க. அதுல இருநூறு புழு இருக்குது. அத்தனையும் என்ற நோட்டுல இருக்குதுங்க" என்றாள் கொசு.

"அம்மணி, இது டெங்குப் புழும்மா."

"அப்படின்னு யாருங்க சொன்னாங்க? நாள் பூரா இதே வேலையாத் திரியறீங்க, புழு எதுன்னு பாத்திருக்கீங்களா? இங்க வாங்க."

அந்த ஆளை இழுத்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். "வாலுக்குப் பக்கத்துல மூச்சுக் குழாய் தெரியுதுங்களா? நீளமா இருக்குதுல்ல, இது சாக்கடைக் கொசு. டெங்குக் கொசுவுக்கு அது குட்டையா இருக்கும். குட்டையானது வேணும்னா சொல்லுங்க, காட்டறேன்" என்று சொல்லி அவர்களை நேராகக் கூட்டிக்கொண்டு போனது இலை மேடத்தின் அறைக்கு. அங்கே இருந்த ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு, அதில் தண்ணீர், அதில் குட்டைக் குழாய்க்காரர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். கல்லூரிக்கு எச்சரிக்கை நோட்டீஸ் வந்தது. அன்றிலிருந்து இலை மேடத்துக்குக் கொசுவைக் கண்டால் ஆகாது.

இலை மேடம் யார் என்று சொல்ல வேண்டும். இளங்கலை மூன்றாம் வருஷப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு ஆராய்ச்சி செய்து புத்தகமாகப் பைண்டு பண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்கு வழிகாட்டி அவர்தான். அவருக்குத் தெரிந்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு இலையை அரைத்துத் தண்ணீரில் கலந்து, அதில் கொசுப்புழுவை விட்டு, செத்ததா என்று எண்ணுவது. போன வருஷம் ஒரு இலை, இந்த வருஷம் வேறு இலை. பாதிப் பிள்ளைகள் காந்திபுரத்தில் ஒரு கடையில் சொல்லி, தங்க எழுத்துப் போட்ட அட்டையோடு ஆராய்ச்சியை ரெடிமேடாக வாங்கி வந்துவிடுவார்கள். மீதிப் பிள்ளைகள் நிஜமாகவே அரைப்பார்கள். யார் எப்படிச் செய்தாலும் இலை ஜெயித்துவிடும். இருபது வருஷத்தில் எங்கள் டிபார்ட்மெண்டில் தோற்றுப்போன இலை ஒன்றுகூடக் கிடையாது. அந்த இலைகளை எல்லாம் சேர்த்துக் கட்டுரை எழுதித்தான் மேடம் டாக்டர் பட்டம் வாங்கினார்.

கொசுவுக்கும் ஒரு இலை கொடுத்தார். எந்த இலை என்று எழுத மாட்டேன். அதைப் பொடி பண்ணி விற்றுப் பிழைப்பவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கக்கூடும்.

எங்கள் லேப் பீக்கர்களைக் கொசு தொட மறுத்துவிட்டாள். "இதுல என்னென்ன இருந்துச்சோ யாருங்க கண்டா" என்று வீட்டிலிருந்து எட்டு கண்ணாடி டீ டம்ளர்களைக் கொண்டு வந்தாள். கொதிக்கிற தண்ணீரில் அவளே கழுவினாள். நாலில் இலைத் தண்ணீர், நாலில் வெறும் தண்ணீர், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து புழு. பக்கத்தில் 'யாரும் தொடக் கூடாது' என்று ஒரு அட்டை. காலையில் ஒரு எண்ணிக்கை, சாயங்காலம் ஒரு எண்ணிக்கை. எண்ணும்போது லேபில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. வெறும் தண்ணீர்ப் புழு வாடிக் கிடந்தது. இலைத் தண்ணீர்ப் புழு கொழுத்துப் போயிருந்தது. நாலு நாள் கழித்து ஒவ்வொன்றாகக் கொசுவாகிப் பறந்தது. இலை அவற்றுக்கு விருந்தாகிவிட்டது.

மேடம் நோட்டைப் பார்த்தார். "என்னம்மா இது? சாவவே இல்ல?"

"இல்லீங்க மேடம். நல்லாச் சாப்பிட்டிருக்குதுங்க."

"நீ தப்பாச் செஞ்சிருக்கே."

"எந்த எடத்துலங்க தப்பு?"

"ரிசல்ட்டுதான் தப்பு."

"ரிசல்ட்டு எப்படிங்க மேடம் தப்பாகும்? அது பாட்டுக்கு வருது. நாம பாக்கறோம்."

"எதுத்துப் பேசாம மறுபடியும் செய். இல்லாட்டி கையெழுத்துக் கிடையாது."

அவள் முகம் சிவந்து, மறுபடியும் இலை அரைக்கப் போனாள். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. கொசு சத்தம் போடாமல் இருந்தது எனக்கு என்னவோ பண்ணியது. பாவம், பிள்ளை இத்தனை பாடுபடுகிறாளே, நம்மால் ஆனது ஏதாவது செய்வோம் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அவள் வகுப்புக்குப் போயிருந்த நேரம் மேஜை மேல் இலைத் தண்ணீர் டம்ளர்கள் வெந்நீருக்கும் போகாத பச்சைக் கறையோடு காலியாக நின்றன. அட்டை என்னவோ இருந்தது. ஆனால் அது மற்றவர்களுக்கு, எனக்கு இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். மூன்று டம்ளர் கைக்கு எட்டியது, நாலாவது ஜன்னல் மேடையில் வெயிலில் இருந்ததை நான் பார்க்கவில்லை. எங்கள் லேபில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதனால் கறை பிடித்த பீக்கரைக் கழுவ நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரு வாளியில் கெட்டியான சோப் ஆயில், இன்னொரு வாளியில் தண்ணீர். இதில் ஒரு முக்கு, அதில் ஒரு முக்கு, கவிழ்த்து வைத்தால் பளபளவென்று காய்ந்துவிடும். கறை இல்லாததற்குச் சோப் கிடையாது, சும்மா அலசினால் போதும். மூன்று டம்ளரையும் பளிச்சென்று ஆக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவள் சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவசரமாக வந்தவள் டம்ளரைக் கவனிக்காமல் நாலிலும் இலைத் தண்ணீரை ஊற்றிப் புழுவை விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் லேபே கொண்டாடியது. இலைத் தண்ணீரில் விட்ட புழு மூன்று டம்ளரிலும் சுத்தமாகச் செத்துக் கிடந்தது. மேடம் போட்டோ எடுத்து டிபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் போட்டார். எல்லாருக்கும் மைசூர்பாகு வந்தது. "பாத்தியா, ஒழுங்காச் செஞ்சா வருது" என்று கொசுவின் முதுகில் தட்டினார்.

கொசு மைசூர்பாகைத் தொடவில்லை. நாலாவது டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே இலை, அதே அளவு, அதே தண்ணீர். அதில் இருந்த இருபத்தைந்தும் குதித்துக்கொண்டிருந்தன.

அப்புறம் ஆரம்பித்தது விசாரணை. வாட்ச்மேன், கேண்டீன்காரர், பக்கத்து லேப்காரர் என்று ஒருத்தரையும் விடவில்லை. "நேத்து பதினொண்ணரைக்கு நீங்க எங்கீங்க இருந்தீங்க?" கடைசியில் என் முன்னால் வந்து நின்றாள். என் கை தானாகச் சோப் வாளியைக் காட்டியது.

இருபது வருஷத்தில் வாங்கிய திட்டை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அன்றைக்கு வாங்கியதற்கு ஈடாகாது. "ஏனுங்க்கா, படிக்கத் தெரியுமல்லங்க? அட்டையில என்னங்க எழுதியிருக்குது? யாருமுன்னா நீங்களுந்தானுங்க. உங்களை யாருங்க நல்லது செய்யச் சொன்னது? நல்லது செய்யறவங்களாலதானுங்க நாடே கெட்டுப்போச்சு." நான் அழுதேன். அவள் திட்டுவதை நிறுத்தாமலே தன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

திட்டி முடித்ததும் புதிதாக நாலு டம்ளரை எடுத்து வந்தாள். "அன்னிக்கு எப்படிக் கழுவுனீங்களோ அப்படியே கழுவுங்க. இன்னும் நல்லாவும் கழுவக் கூடாது, மோசமாவும் கழுவக் கூடாது." நான் கழுவ, பக்கத்தில் நின்று ஒரு முக்கு, இரண்டு முக்கு என்று நோட்டில் எழுதினாள். எத்தனை விநாடி கவிழ்த்தேன் என்பதைக்கூட விடவில்லை. நான் வேலை செய்வதை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த டம்ளர்களில் இலையே போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுவை விட்டாள். மறுநாள் காலையில் அத்தனையும் செத்திருந்தன.

கொசு அதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வாழ்நாளிலேயே முதல் தடவையாக மெதுவாக, அலமாரியைப் பார்த்தாள். அங்கே நான் சோப்பில் முக்கிப் பளபளப்பாக்கிய பீக்கர்கள் வரிசையாக இருந்தன. இலை ஆராய்ச்சிக்கென்றே வருஷா வருஷம் எடுப்பது அவற்றைத்தான். வெறும் தண்ணீருக்கு எடுக்கும் பீக்கர்கள் வேறு தட்டில் இருந்தன.

"ஏனுங்க்கா, இதையெல்லாம் எத்தனை வருசமாங்க இப்படிக் கழுவறீங்க?"

"வந்த நாள்லருந்து கண்ணு."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இருபது வருஷமாகப் புழுவைக் கொன்றது எந்த இலையும் இல்லை, நான்தான். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் என் மேல் இல்லை. "ஒரு தடவையாச்சும், ஒருத்தராச்சும், வெறும் தண்ணியை அந்தப் பீக்கர்ல ஊத்திப் பாத்தாங்களா? ஏன் எல்லா இலையும் ஜெயிக்குதுன்னு ஒருத்தருக்குமாங்க சந்தேகம் வரல?"

அத்தனையையும் ஆராய்ச்சிப் புத்தகத்தில் எழுதிவிட்டாள். இலை கொல்லவில்லை, சோப் கொன்றது, பழைய முடிவுகளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று. மேடம் படித்துவிட்டு நோட்டை மூடினார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ சோப் போடலைன்னு சொல்லிரு. இவ சின்னப் பிள்ளை, ஏதோ உளர்றா. உனக்கு ஜூன் மாசம் ஆர்டர் வரணுமில்ல?"

எங்களுக்கெல்லாம் தற்காலிக வேலைதான். வருஷா வருஷம் ஜூனில் புது ஆர்டர் வந்தால்தான் அடுத்த வருஷம். எனக்குத் தெரிந்த ஒரே பதில் தலையை ஆட்டுவது. ஆனால் அன்றைக்குத் தலை ஆடவில்லை. இருபது வருஷம் நான் கழுவிய பீக்கரால் பட்டம் வாங்கியவர், என்னையே கழுவவில்லை என்று சொல்லச் சொல்கிறார்.

"போட்டனுங்க மேடம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கொசுவின் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் மேடம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் கொசுவுக்கு அந்த வருஷம் டிகிரி கிடையாது. மேல்படிப்புக்கு வேறு ஊரில் நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைத்திருந்தது, அதுவும் போய்விடும். "ரெண்டு பக்கத்தைக் கிழிச்சுப்போட்டா முடிஞ்சுது" என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கையில் தங்க எழுத்துப் புத்தகம் மின்னியது.

கொசு கிழிக்கவில்லை. ஆசிரியர்கள் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தாள். தறிக் குரலில். முன்னுரை, செய்முறை, அட்டவணை, அட்டவணைக்குள் இருக்கும் ஒவ்வொரு எண். முடிந்ததும் மறுபடி முன்னுரை. வரலாற்றுத் துறையில் பாடம் நின்றது. கேண்டீனில் மாஸ்டர் போண்டா போட்டுக்கொண்டே "ரெண்டாவது டம்ளர்ல இருபத்தி மூணு" என்று கூடவே சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மற்ற ஆசிரியைகள் இலை மேடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "போட்டுத் தொலைங்க மேடம். எங்களுக்கு மனப்பாடமே ஆயிருச்சு."

மேடம் பேனா முனை உடையும்படி கையெழுத்துப் போட்டார். "வாய்மொழித் தேர்வுல பாத்துக்கறேன்" என்றார்.

கொசு நேராக என்னிடம் வந்தாள். "நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க்கா. எப்படிக் கழுவுனீங்கன்னு. உங்க கையெழுத்துல. நான் எழுதினா கதைன்னு சொல்லுவாங்க." ஜூன் மாதம் கண் முன்னால் வந்து நின்றது. இருந்தாலும் எழுதினேன். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் முழுசாக ஒரு பக்கம் எழுதியது அதுதான். அதை அப்படியே கடைசியில் சேர்த்துப் பைண்டு பண்ணினாள்.

தேர்வன்று வெளியூரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்தார். தங்க எழுத்துப் பிள்ளை ஒருத்தியிடம் "புழுவுக்கு என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டார். "எந்தப் புழு சார்?" என்றாள் அவள். மேடம் அவசரமாக "பயத்துல சொல்றா சார்" என்றார். கொசுவின் முறை வந்தது. எக்ஸாமினர் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் கழுவறவங்களா? எத்தனை தடவை அலசுவீங்க?"

"ஒரு தடவைங்க சார். தண்ணி ஒரு நாள் உட்டு ஒரு நாள்தானுங்க வரும்."

"எந்தப் பீக்கருக்குச் சோப்?"

"இலைப் பீக்கருக்கு மட்டுங்க."

"எத்தனை வருஷமா?"

மேடம் ஃபேனைப் பார்த்தார். "இருபது வருசமாங்க சார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொசுவைப் பார்த்தார். நல்ல மனுஷன், விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மத்தியானச் சாப்பாடு அவருக்கு மேடம்தான் வாங்கி வைத்திருந்தார். கொசுவுக்கு பாஸ் மார்க் விழுந்தது. "எந்தப் புழு சார்" என்று கேட்டவளுக்கு அதைவிடப் பத்து மார்க் அதிகம். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

டிகிரி கைக்கு வந்தது. வெளியூர் இடமும் நிலைத்தது. கொசு மூட்டை கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மே மாத விடுமுறையில் ஆபீஸ் பக்கம் போனேன், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் இருந்தாள். தினமும் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

"என்னம்மா வேணும் உனக்கு? படிப்புத்தான் முடிஞ்சுதே" என்று ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் கேட்டார்.

"எங்க அக்காவுக்கு ஆர்டர் வரோணுமுங்க. வந்ததுமே போயிருவனுங்க."

"வராட்டி?"

"வராட்டி ஏன் வரலைன்னு நான் சத்தமாக் கேக்கோணுமுங்க."

ஜூன் இரண்டாம் வாரம் ஆர்டர் வந்தது. கொசு என் கையிலிருந்து பிடுங்கி, முத்திரை, தேதி எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தாள். "ஒரு காயிதம் அடிக்கறதுக்கு இத்தனை நாளாங்க?" என்று சூப்பரின்டெண்டென்ட்டைத் திட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே அவினாசி ரோடு பஸ் ஸ்டாப் வரை ஓடினேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் "மெதுவாப் போ கண்ணு" என்றேன்.

"மெதுவாப் போனா பஸ்ஸு போயிருமுங்க்கா. எதையுமே யோசிச்சுப் பேச மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு ஏறினாள்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் சீட்டுக்காக யாரோடோ சண்டையை ஆரம்பித்துவிட்டாள், அத்தனை வண்டிச் சத்தத்திலும் அந்தக் குரல் தனியாகக் கேட்டது. அது கேட்காமல் போகும் வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.